பூர்வகுடி முதியோரின் நினைவைச் சோதிப்பதும் பேணுவதும்: ஆஸ்திரேலியாவில் பராமரிப்புப் பணியில் இருக்கும் தமிழர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் முதியோர் இல்லங்களிலும் கிளினிக்குகளிலும் நர்ஸாக, பராமரிப்பாளராக, டாக்டராக வேலை பார்க்கும் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். புரூம், டார்வின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் வேலை கிடைத்துப் போனால், பூர்வகுடி முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உடனே கைக்கு வரும். அதற்கான வழிமுறை இது.

முதலில் வயதைப் பற்றிய எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், 45 வயதும் அதற்கு மேலும் ஆன பூர்வகுடி மக்களில் 12.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் தேய்ந்துகொண்டே போகும் மூளை நோய், இருந்தது. நாட்டின் பொது மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது சுமார் ஐந்து மடங்கு. ஆகவே 55 வயதுக்காரருக்கு நினைவு தடுமாறினால், "இந்த வயதில் வராது" என்று தள்ளிவிடாதீர்கள். அரசின் முதியோர் பராமரிப்புச் சேவை மற்றவர்களுக்கு 65 வயதில் தொடங்குகிறது, இவர்களுக்கு 50 வயதிலேயே தொடங்குகிறது. பதிவு செய்ய, அந்தச் சேவைக்கான அரசின் தொடர்பு மையமான மை ஏஜ்டு கேர் எண்: 1800 200 422.

அடுத்தது, எந்த நினைவுச் சோதனைத் தாளையும் நீட்டுவதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: நோய் வருவதற்கு முன்பு இவர் இதற்குச் சரியான பதில் சொல்லியிருப்பாரா? 1975-இல் வந்த எம்.எம்.எஸ்.இ. (MMSE) என்ற நினைவுச் சோதனை இன்னமும் எங்கும் புழக்கத்தில் இருக்கிறது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும், ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் மாட்டுப் பண்ணையிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அதில் தோற்றால், அது அவருடைய பள்ளிப் படிப்பைப் பற்றித்தான் சொல்கிறது. மூளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உட்காருவதற்கு முன்

அந்தச் சமூகத்தின் பூர்வகுடி சுகாதாரப் பணியாளரைத் தேடிப் பிடியுங்கள். அவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதியவர் வீட்டில் பேசும் மொழி எது? அறையில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது? ஊரில் சாவு ஏதாவது விழுந்திருக்கிறதா?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பல சமூகங்களில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக் கூடாது, ஒரே இடத்தில் உட்காரவும் கூடாது. இந்த உறவு முறை ரத்த உறவையும் தாண்டி விரியும். உங்கள் மொழிபெயர்ப்பாளர் அந்த முறையில் அமைந்துவிட்டால் முதியவர் வாயே திறக்கமாட்டார். தாளில் அது பூஜ்யமாக விழும். பெண்ணைப் பெண்ணும் ஆணை ஆணும் பார்ப்பதே நல்லது. துக்க காலம் நடந்துகொண்டிருந்தால் சோதனையைத் தள்ளிப்போடுங்கள். துக்கத்தில் யாருக்குமே கவனம் சிதறும், அந்த நேரத்து மதிப்பெண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இடம் மூடிய அறையாக இருக்க வேண்டியதில்லை. தாழ்வாரமோ மர நிழலோ போதும், சத்தம் மட்டும் இருக்கக் கூடாது. எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்பது பலருக்கு விசாரணை போலப்படும். பக்கவாட்டில் உட்காருங்கள். முதலில் நீங்கள் யார், எந்த ஊர், யார் பிள்ளை என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அது வெறும் மரியாதைப் பேச்சு அல்ல. உங்களை எங்கே வைத்துப் பார்ப்பது என்று அதிலிருந்துதான் தெரிந்துகொள்வார்கள்.

காது, கண், ரத்தம்

இந்த மக்களில் சிறு வயதிலேயே காதில் சீழ் வந்து கேட்கும் திறனை இழந்தவர்கள் மிக அதிகம். கேள்வியே காதில் விழாதவரை "நினைவு இல்லை" என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. காதுக்குள் மெழுகோ சீழோ இருக்கிறதா பாருங்கள். அவருக்குப் பின்னால் நின்று சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கேட்கவில்லை என்றால் காதில் மாட்டும் கையடக்க ஒலிபெருக்கிக் கருவியை மாட்டிவிட்டுத் தொடருங்கள். கண்ணாடி போட்டிருக்கிறாரா, கண்புரை இருக்கிறதா என்பதும் இதே நேரத்தில் தெரிய வேண்டும்.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று குழம்பினால் அதை டெலிரியம், அதாவது உடல் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பம், என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், நீர் வற்றிப்போவது, சர்க்கரை தாழ்ந்துபோவது ஆகியவற்றைத் தேடுங்கள். அன்றைக்கு நினைவுச் சோதனை வேண்டாம். மெதுவாக வந்த மறதி என்றாலும் டாக்டர் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள் உண்டு: சோடியம், கால்சியம், சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு, பி12. கீழே விழுந்தவருக்கு மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், ஸ்கேன் இல்லாமல் தெரியாது. மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். அமிட்ரிப்டிலின், புரோமெத்தசின், ஆக்சிபியூட்டினின் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மூன்றுமே நினைவை மங்கச் செய்யும். டயாலிசிஸ் முடிந்து களைத்து வந்தவரையும் அன்று விட்டுவிடுங்கள்.

கிகா சோதனை

கிகா (KICA) என்பது கிம்பர்லி பூர்வகுடி மக்களோடு சேர்ந்து உருவாக்கி 2006-இல் வெளியிட்ட நினைவுச் சோதனை. எழுத்தும் கணக்கும் தேவையில்லை. கனடாவின் மனிடூலின் தீவிலும் பூர்வகுடி மூத்தவர்களோடு உட்கார்ந்து இதைத் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றி எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை: ஒரு சீப்பு, ஒரு தகரக் குவளை, ஒரு தீப்பெட்டி, மூடி போட்ட தண்ணீர் பாட்டில், சோதனையோடு வரும் படங்கள், தாள், பேனா. சீப்பு, குவளை, தீப்பெட்டி ஒவ்வொன்றையும் காட்டி "இது என்ன, எதற்கு?" என்று கேட்பீர்கள். பிறகு மூன்று பொருளையும் அவர் கண் முன்னாலேயே ஒளித்து வைப்பீர்கள். சற்று நேரம் கழித்து எதை எங்கே வைத்தீர்கள் என்று கேட்பீர்கள். கண்ணை மூடச் சொல்ல வேண்டும், அடுத்துத் தனியாக, முதலில் வானத்தையும் பிறகு தரையையும் காட்டச் சொல்ல வேண்டும். வேட்டையாடும் விலங்குகளின் பெயர்களை ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். பாட்டிலைத் திறந்து குவளையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். படங்களில் சிறுவன், ஈமு, முதலை, சைக்கிள் எல்லாம் இருக்கும். தேதிக்குப் பதிலாக இது எந்தப் பருவம், ஓய்வூதியம் வரும் வாரமா என்று கேட்கும். மொத்தம் 39 மதிப்பெண். 33 அல்லது அதற்குக் கீழே வந்தால் விரிவான பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்த எண்ணே நோய்த் தீர்ப்பு ஆகிவிடாது.

பருவக் கேள்வியில் கவனம் தேவை. புரூம் பகுதியின் யாவுரு மக்களுக்கு ஆண்டில் ஆறு பருவங்கள். குளிர்கால நடுவில் ஒரு பாட்டி "பர்கனா" என்றால் அது மிகச் சரியான பதில். உங்கள் தாளில் "மழைக்காலம், வறண்ட காலம்" என்று இரண்டே இருப்பதால் தவறென்று போட்டுவிடாதீர்கள். உள்ளூர்ப் பருவங்களின் பட்டியலைச் சுகாதாரப் பணியாளரிடம் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மௌனத்தைக் கண்டு பதறாதீர்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள், பதில் வர நேரமாகும். இடையில் புகுந்து சத்தமாகத் திரும்பக் கேட்டால் அவர் அதோடு நிறுத்திக்கொள்வார். "ஆமாவா?" என்று முடியும் கேள்வியைக் கேட்காதீர்கள். வந்தவர் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் "ஆமாம்" சொல்வது பலரின் வழக்கம். பக்கத்தில் இருக்கும் மகள் உதட்டை அசைத்து விடை எடுத்துக் கொடுத்தால், அவருடைய முறை பிறகு வரும் என்று அன்பாகச் சொல்லி வையுங்கள்.

அந்த முறை உண்மையிலேயே வர வேண்டும். குடும்பத்தார் சொல்வதில்தான் பாதி விவரம் இருக்கிறது. பழகிய பாதையில் வழி தவறுகிறாரா? அடுப்பையோ நெருப்பையோ அணைக்காமல் போகிறாரா? ஒரே நாளில் இரண்டு முறை காசு கேட்கிறாரா? பேரனை வேறு உறவு முறை வைத்துக் கூப்பிடுகிறாரா? உறவு முறையே வாழ்க்கையின் முதுகெலும்பாக இருக்கும் இடத்தில் இந்தக் கடைசி அறிகுறிக்கு எடை அதிகம்.

நோய் உறுதியானால் அதை யாரிடம் சொல்வது என்று முதியவரையே கேளுங்கள். குடும்பத்துக்காகப் பேசுகிறவர் மனைவியாக இல்லாமல் மூத்த சகோதரியாகவோ தாய்மாமனாகவோ இருக்கலாம். சிலர் இதை மண்ணை விட்டு வந்ததால் ஏற்பட்ட தளர்ச்சி என்பார்கள், அதை மறுத்து வாதாட வேண்டாம். மூளையில் நடப்பதையும் சொல்லுங்கள், அவர்கள் சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் பராமரிப்புத் திட்டத்தில் இடம்பெற வேண்டியவை.

அன்றாடப் பராமரிப்பு

இன்று முதியவர்களாக இருக்கும் பலர் சிறு வயதில் பெற்றோரிடமிருந்து அரசால் பறிக்கப்பட்டு விடுதிகளில் வளர்ந்தவர்கள். 1970-கள் வரை இது நடந்தது. நியூ சவுத் வேல்ஸின் கின்செலா சிறுவர் இல்லத்தில் பிள்ளைகளைப் பெயருக்குப் பதிலாக எண்ணால் கூப்பிட்டார்கள். டிமென்ஷியாவில் அண்மை நினைவு முதலில் போகும், சிறுவயது நினைவு நெடுநாள் நிற்கும். அதனால் சீருடை, வரிசைக் கட்டில், பூட்டிய கதவு, இரவில் டார்ச் வெளிச்சத்தோடு எட்டிப் பார்ப்பது, பலர் முன்னால் ஆடை களைவது எல்லாம் அவரை அந்த விடுதிக்கே கொண்டுபோய்விடும். அவர் கையை ஓங்கினால் "ஆக்ரோஷம்" என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள், அதற்கு முந்தின ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள்.

குளியலில்தான் பெரும்பாலும் சிக்கல் வரும். தண்ணீரை முதலில் அவர் கையில் ஊற்றிக் காட்டுங்கள். பெரிய துண்டைத் தோளில் போர்த்தியபடியே, ஒரு பக்கம் விலக்கிக் கழுவி, மூடி, அடுத்த பக்கத்துக்குப் போங்கள். மறுத்தால் விட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து வாருங்கள். "அறை எண் ஆறு" என்று யாரையும் குறிப்பிடாதீர்கள், அவர் காதில் விழாத இடத்திலும் வேண்டாம்.

இறந்தவர் பெயரைச் சொல்வதும் படத்தைக் காட்டுவதும் பல சமூகங்களில் விலக்கு. பழைய புகைப்பட ஆல்பத்தைப் புரட்டி நினைவூட்டும் பயிற்சி நமக்கு நல்லதாகத் தோன்றும், இங்கே அது காயப்படுத்தலாம். சேரும் நாளிலேயே உச்சரிக்கக் கூடாத பெயர்களைக் குடும்பத்திடம் கேட்டு எழுதி வையுங்கள்.

"வீட்டுக்குப் போகணும்" என்று அவர் சொல்லும் வீடு பெரும்பாலும் அவருடைய மண். கதவைப் பூட்டுவதைவிடச் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நடக்கவைப்பதும், வெளியே நெருப்பு மூட்டிக் கங்காரு வாலைச் சுடும் நாளில் பக்கத்தில் உட்காரவைப்பதும் பலன் தரும். ஊர்ப் பயணத்தை உடல் தாங்கும் காலத்திலேயே திட்டமிடுங்கள். கத்தலும் அலைச்சலும் கூடினால் முதலில் வலி, பசி, மலச்சிக்கல், சொத்தைப் பல் ஆகியவற்றைத் தேட வேண்டும். ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மாத்திரைகள் இந்த வயதில் பக்கவாத ஆபத்தையும் மரண ஆபத்தையும் கூட்டும். எனவே அவை கடைசியில், குறைந்த அளவில், மறுபார்வை தேதி குறித்த பிறகுதான்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு

சிட்னியிலோ மெல்பர்னிலோ இருக்கும் தமிழ் முதியவருக்கு ரூடாஸ் (RUDAS) என்ற நினைவுச் சோதனையைக் கேளுங்கள். பல மொழி பேசும் மக்களுக்காகச் சிட்னியில் உருவாகி 2004-இல் வெளியானது. 30-க்கு 22 அல்லது கீழே வந்தால் மேல் பரிசோதனை தேவை. மகனோ மகளோ மொழிபெயர்க்க வேண்டாம், அவர்கள் திருத்திச் சொல்லிவிடுவார்கள். அரசின் மொழிபெயர்ப்புச் சேவை எண் 131 450-இல் டாக்டரே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். யாழ்ப்பாணத்தவரா, தமிழ்நாட்டவரா என்று முன்பே சொல்லுங்கள். நினைவில் வைக்க வேண்டிய நான்கு கடைப் பொருட்களில் சோப்பும் ஒன்று, யாழ்ப்பாணத்துப் பாட்டிக்கு அது சவர்க்காரம். சாலையைக் கடக்கும் கேள்விக்கு "மகன் கூட்டிப் போவான்" என்று வந்தால், "வேறு என்ன செய்வீர்கள்?" என்று ஒருமுறை தூண்டிக் கேட்க விதி இடம் தருகிறது. அதை மொழிபெயர்ப்பாளர் விடாமல் கேட்க வேண்டும். போர்க் காலத்தைக் கடந்து வந்தவர் என்றால் ஹெலிகாப்டர் சத்தமும் தீ எச்சரிக்கை மணியும் அவரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும். தீ ஒத்திகை எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டு, அந்த நேரத்தில் அவர் கூடவே இருங்கள்.

எந்தச் சோதனையானாலும் தாளின் ஓரத்தில் இவற்றைக் குறித்து வையுங்கள்: மொழி, மொழிபெயர்ப்பாளர், உடனிருந்தவர், நேரம், காதுக் கருவி இருந்ததா, அன்று உடல் எப்படி இருந்தது. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அதே கருவி, அதே மொழி, அதே நேரத்தில் திரும்பச் செய்தால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும். இடையில் சந்தேகம் வந்தால் தேசிய டிமென்ஷியா உதவி எண் 1800 100 500, இரவிலும் எடுப்பார்கள்.