டர்பனில் ஆங்கில ஆசிரியர் வேலையா? லீவு விஷயத்தை முதலில் பேசி முடியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் தனியார் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் சம்பளம், வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ் என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறார்கள். லீவைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. டீச்சர் வேலையில் லீவுக்கா பஞ்சம் என்ற நினைப்பு. அந்த நினைப்போடு வந்த என் தோழி பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். அடுத்து வருகிறவர்களாவது தெரிந்துகொண்டு வரட்டும்.

காகித வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போலீஸ் சான்றிதழ், சாக்வா என்ற தகுதி ஆணையத்தில் பட்ட மதிப்பீடு, ஆசிரியர் மன்றமான சேஸில் பதிவு, வொர்க் விசா எல்லாம் நாளெடுக்கும், ஆனால் நடந்துவிடும். விசா முடிந்த பிறகும் தங்கிவிட்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள். 30 நாளைத் தாண்டியிருந்தால் 5 ஆண்டுகள் திரும்பி வர முடியாது.

பள்ளி ஆண்டு ஜனவரி நடுவில் தொடங்கி டிசம்பரில் முடியும். அரசுப் பள்ளிகளில் நான்கு டெர்ம், தனியார் பள்ளிகள் சிலவற்றில் மூன்று. ஈஸ்டரை ஒட்டிக் கொஞ்சம், ஜூன் ஜூலையில் குளிர்கால லீவு, செப்டம்பர் கடைசியில் ஒரு சின்ன லீவு, டிசம்பரில் பெரிய லீவு. மே மாத லீவை மறந்துவிடுங்கள். ஊரில் கல்யாணமும் கோயில் கொடையும் நடக்கிற நேரத்தில் இங்கே பாடம் மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும். பொங்கல் வருவதோ பள்ளி திறக்கிற சமயத்தில்.

1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது விடுமுறைகள் 12. ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் திங்களும் லீவு. இவற்றில் ஜூன் 16 எனக்கு மிக நெருக்கமான நாள். 1976இல் ஆப்ரிகான்ஸ் மொழியில் படிக்கச் சொன்னதை எதிர்த்து சொவேட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கிய நாள் அது. 1965ஐப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வகுப்பில் பேசிப் பாருங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தீபாவளி அந்தப் பன்னிரண்டில் இல்லை. 1860இல் மதராசிலிருந்து தோட்டக் கூலிகளோடு முதல் கப்பல் வந்து சேர்ந்த ஊர் இது, இன்னும் இல்லை. எனக்கு அதில் தீராத வருத்தம். போதாக்குறைக்கு அது வருவது மெட்ரிக் என்கிற பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு நேரத்தில். பள்ளிகள் பொதுவாகப் பிள்ளைகளை விட்டுவிடும், டீச்சரை விடுமா என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மனுக்குப் புனித வெள்ளியன்று திருவிழா நடப்பதைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். கரும்புத் தோட்டத்தில் கூலிகளுக்கு அன்றுதான் லீவு கிடைத்தது, அதனால் ஆத்தாளுக்கும் அன்றே விழா என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். கட்டாயம் போய் வாருங்கள். அதற்கு யாரிடமும் லீவு கேட்க வேண்டாம்.

இப்போது தோழியின் கதைக்கு வருகிறேன். டெர்ம் நடுவில் அவளுடைய மாமியார் திருநெல்வேலியில் தவறிவிட்டார். விடியற்காலையில் போன். பிரின்சிபாலிடம் ஓடினாள். அவர் வராந்தாவில் நின்றபடியே, "குடும்பம்தான் முக்கியம், போய் வாருங்கள்" என்று தோளைத் தட்டி அனுப்பினார். துபாய் வழியாகச் சென்னை, அங்கிருந்து திருநெல்வேலி. பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பினாள். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் ஊதியமில்லா விடுப்பு என்று ஒரு வரி. அவள் ஊரில் இருந்த ஒவ்வொரு வேலை நாளுக்கும் பிடித்திருந்தார்கள். அந்த மாத வாடகைக்குக் கடன் வாங்கினாள். பிரின்சிபாலைக் கேட்டால், லீவு கொடுத்தேன், சம்பளத்தோடு என்று சொல்லவில்லையே என்றார்.

சட்டமும் அவள் பக்கம் இல்லை. 1997ஆம் ஆண்டு வந்த அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் ஒன்று, பிசிஇஏ என்பார்கள். அதில் குடும்பப் பொறுப்பு விடுப்பு வருடத்துக்கு 3 நாள், அதுவும் 4 மாதம் வேலை பார்த்த பிறகு. யார் இறந்தால் என்று பட்டியலே இருக்கிறது: கணவன் அல்லது மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர். மாமனார், மாமியார் இல்லை. தூக்கி வளர்த்த பெரியப்பா இல்லை, தாய்மாமன் இல்லை. வருட விடுப்பு வாரம் 5 நாள் வேலைக்கு 15 வேலை நாள். அதை எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். பள்ளி ஒப்பந்தங்களில் அந்த 15 நாளைப் பள்ளி மூடியிருக்கும் காலத்திலேயே கழித்துவிடுகிறார்கள். டெர்முக்குள் உங்கள் கையில் ஒரு நாள்கூட மிஞ்சாது. ஊரில் அரசுப் பள்ளி டீச்சருக்கு இருக்கிற 12 நாள் சிஎல், ஆர்எச் போன்ற எதுவும் இந்தச் சட்டத்தில் கிடையாது. சிக் லீவ் 3 வருடத்துக்கு 30 நாள் உண்டு, ஆனால் தொடர்ந்து 2 நாளுக்கு மேல் போனால் டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள். சாவுக்குப் போக அதைப் போடாதீர்கள், வேலைக்கே உலை வைத்துவிடும்.

சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான், பள்ளி அதற்கு மேல் கொடுக்கத் தடையில்லை. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். மாமனார் மாமியாரைப் பட்டியலில் சேர்ப்பீர்களா, டெர்முக்குள் சொந்த வேலைக்கு எத்தனை நாள், தீபாவளிக்கு ஒரு நாள் உண்டா. பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு அவசரமாகக் கிளம்ப நேர்ந்தாலும், ஏர்போர்ட்டில் உட்கார்ந்தாவது ஒரு ஈமெயில் போட்டு, சம்பளத்தோடா இல்லையா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இன்னொன்று, நம் பெயர்கள். இறந்தவர் உங்கள் உறவுதான் என்பதற்குப் பள்ளி ஆதாரம் கேட்கலாம். இங்கே ஒரு குடும்பம் என்றால் ஒரே குடும்பப் பெயர். நமக்கோ அப்பா பெயர் இனிஷியல், கல்யாணமானால் கணவர் பெயர். சொந்த அண்ணன் இறந்தால்கூட இரண்டு பேரின் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒட்டாது. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் நகல்களைப் போனில் வைத்திருங்கள். துக்கத்தில் இருக்கும்போது உறவை நிரூபித்துக்கொண்டிருக்க முடியாது.

பள்ளியை விட்டு ஆங்கிலப் பயிற்சி மையங்களில் மணிக்கணக்கில் வகுப்பு எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாதம் 24 மணி நேரத்துக்குக் குறைவாக ஒரே இடத்தில் வேலை பார்த்தால் இந்த விடுப்பு விதிகள் எதுவும் பொருந்தாது. அதற்கு மேல் என்றால் 17 வேலை நாளுக்கு ஒரு நாள் வருட விடுப்பு என்று கணக்கிட ஒப்புக்கொள்ளலாம். வருட விடுப்பில் இருக்கும்போது வேலை நாளில் பொது விடுமுறை வந்தால் அதற்கு இன்னொரு நாள் தர வேண்டும். டிசம்பர் 16, 25, 26, ஜனவரி 1 எல்லாம் வருகிற பெரிய லீவில் இதைச் சரிபாருங்கள். தராவிட்டால் வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சிசிஎம்ஏ ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.