எட்டு மணிச் செய்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

சென்னையில் ஒரு செய்தி சேனலின் டெஸ்கில் பல வருடங்கள் ரன்டவுன் போட்டவன் நான். எந்தச் செய்தி முதலில், எது பிரேக்குக்குப் பிறகு, எது எத்தனை விநாடி என்கிற பட்டியல்தான் ரன்டவுன். "எந்த சேனலைப் பார்த்தால் உண்மை தெரியும்?" என்று கேட்பவர்களிடம், எதிரெதிர் முகாமில் இருக்கும் இரண்டு சேனல்களை ஒரே நாளில் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில், சேனல் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இது ரகசியமே இல்லை. ஜெயா டிவி 1999, மக்கள் தொலைக்காட்சி 2006, கலைஞர் டிவி 2007, கேப்டன் டிவி 2010, நியூஸ் ஜெ 2018 என்று வரிசையாக வந்தன. எது எந்தக் கட்சியோடு பிறந்தது என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். 1993-இல் தொடங்கிய சன் டிவி பல வருடங்கள் திமுக தலைமையகமான அண்ணா அறிவாலயத்திலிருந்தே இயங்கியது. 2007-இல் கருணாநிதி குடும்பத்துக்கும் சன் டிவியை நடத்திய மாறன் குடும்பத்துக்கும் பிளவு வந்தது, கலைஞர் டிவி பிறந்தது. அதே வருடம், மாறன் குடும்பத்தின் கேபிள் நிறுவனத்துக்குப் போட்டியாக அரசு கேபிள் நிறுவனமும் வந்தது. அதனால் சேனல் யாருடையது என்பதோடு, அதை வீட்டுக்குக் கொண்டுவரும் கேபிள் யாருடையது என்றும் பாருங்கள். கட்சிகள் சேனல் நடத்தக் கூடாது என்று 2014-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை.

அடுத்தது வரிசை. என்னைக் கேட்டால் முக்கால்வாசி விஷயம் இதில்தான் இருக்கிறது. குடிநீர் வரவில்லை என்று வடசென்னையில் பெண்கள் சாலை மறியல் செய்த நாள் ஒன்று நினைவிருக்கிறது. ஏழு மணிக்கு அதுதான் தலைப்புச் செய்தி. குடத்தோடு நின்ற ஓர் அம்மாவின் பைட், அதாவது அவரே தன் குரலில் பேசும் துண்டு, இருந்தது. மேலே இருந்து ஒரு போன் வந்தது. "எடுத்துடாதீங்க, கொஞ்சம் கீழே இறக்குங்க" என்றார்கள், அவ்வளவுதான். எட்டு மணிக்கு அந்தச் செய்தி பிரேக்குக்குப் பிறகு போனது. பைட் இல்லை, வாசிப்பாளர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். அமைச்சரின் திறப்பு விழா இரண்டு பைட்டோடு மேலே ஏறியது. ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது பொறுக்கவில்லை.

அதனால் ஒரு நோட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் எத்தனையாவது இடம், பிரேக்குக்கு முன்னா பின்னா, யார் தன் குரலில் பேசினார், யார் பேசியதை வாசிப்பாளர் சுருக்கிச் சொன்னார் என்று மட்டும் குறியுங்கள். அப்புறம் இன்னொரு சேனலின் அதே நாள் செய்தியை யூடியூபில் போட்டு, அதில் வந்து இதில் வராதது எது என்று பாருங்கள். ஒரு நாள் போதாது; ஒரு வாரம் செய்தால் பழக்கம் தெரிந்துவிடும்.

காட்சிகளிலும் கவனம் வேண்டும். 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைதானபோது, போலீஸார் அவரை இழுத்துச் செல்லும் காட்சியை சன் டிவி திரும்பத் திரும்பப் போட்டது. ஜெயா டிவியிலோ, மத்திய அமைச்சர்கள் முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் போலீஸாரோடு மல்லுக்கட்டும் காட்சிகள். ஒரே வீடு, ஒரே இரவு. ஒரு சேனல் மட்டும் பார்த்தவருக்குப் பாதிக் கதைதான் கிடைத்தது. பொதுக்கூட்டச் செய்தி என்றால், கேமரா மேடையையும் முன்வரிசையையும் விட்டு நகர்கிறதா என்று பாருங்கள். பெரிய கூட்டங்களில் கட்சியே எடுத்துத் தரும் ஃபீடில், அதாவது வீடியோவில், காலி நாற்காலி வராது.

விவாத நிகழ்ச்சியில் 'அரசியல் விமர்சகர்' என்று போட்டிருந்தால், அவர் எந்தக் கட்சிப் பக்கம் பேசுபவர் என்று அவருடைய பழைய பேட்டிகளையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

சரி, தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் புகார் கொடுங்கள். 2021-இல் வந்த கேபிள் டிவி விதிகளின்படி, முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 15 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால், அந்த சேனல் உறுப்பினராக இருக்கும் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். "நீங்கள் ஒருதலைப்பட்சம்" என்று மட்டும் எழுதினால் பலன் இருக்காது. தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர், திரையில் வந்த வாசகம், யாருடைய தரப்பு விடுபட்டது, இவ்வளவையும் எழுதி, வீடியோ இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.