டேபிள் சா: சுவிட்சைத் தட்டுவதற்கு முன்னால்

டேபிள் சா, அதாவது மேஜையின் நடுவே வட்டப் பிளேடு எழும்பி நிற்கும் மரம் அறுக்கும் மெஷின், வந்து இறங்கியதும் பெட்டியைப் பிரித்த கையோடு ஒரு பலகையைத் தள்ளிப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்த மெஷினில் நடக்கும் மோசமான விபத்துகளில் பலவும் கை நேராகப் பிளேடில் படுவதில் ஆரம்பிப்பதில்லை, மரம் உதைத்துத் திரும்புவதில்தான் ஆரம்பிக்கின்றன. கிக்பேக் என்பார்கள். அது ஏன் வருகிறது என்று புரிந்துவிட்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

பிளேடின் முன்பக்கப் பற்கள், அதாவது நீங்கள் நிற்கும் பக்கத்துப் பற்கள், கீழ்நோக்கி இறங்குகின்றன. அவை மரத்தை மேஜையோடு சேர்த்து அழுத்துவதால் அங்கே பிரச்சினை இல்லை. பின்பக்கப் பற்கள் மேஜைக்கு அடியிலிருந்து மேலே எழும்பி வருகின்றன. வெட்டுப்பட்ட மரம் அந்தப் பற்களில் உரசினால் போச்சு, மரத்தைத் தூக்கி, பிளேடின் தலைக்கு மேலாக உங்களை நோக்கி வீசிவிடும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர், கணக்குப் போட்டுப் பாருங்கள். மரம் பறக்கும்போது அதைப் பிடித்திருந்த கையும் சேர்ந்து பிளேடு பக்கம் இழுபடும். ஆக, செட்டப் என்று நாம் செய்வதில் பாதிக்கு மேல் இந்தப் பின்பக்கப் பற்களில் மரம் படாமல் பார்த்துக்கொள்வதுதான்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கே வெளியே இருக்க வேண்டும். பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பல்லில் மார்க்கர் பேனாவால் அடையாளம் வையுங்கள். மேஜையில் மைட்டர் கேஜ் (குறுக்கே அறுக்க மரத்தைத் தாங்கித் தள்ளும் கோணச் சட்டம்) ஓடும் பள்ளம் இருக்கிறதல்லவா, அந்த ஓரத்தில் நகரும் மூலைமட்டத்தின் (அளவுகோலை நகர்த்திப் பூட்டக்கூடிய காம்பினேஷன் ஸ்கொயர்) கட்டையைச் சாய்த்து, அளவுகோலை அடையாளம் வைத்த பல்லை லேசாகத் தொடும் வரை நீட்டிப் பூட்டுங்கள். இப்போது பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், மூலைமட்டத்தையும் நகர்த்தி அங்கே தொடுகிறதா என்று பாருங்கள். ஒரே பல்லை வைத்துப் பார்த்தால்தான் பிளேடில் இருக்கும் சின்ன நெளிவு கணக்கைக் கெடுக்காது. வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர் அளவுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதிகமாக இருந்தால் மேஜைக்கு அடியில் பிளேடு பகுதியைத் தாங்கும் போல்ட்டுகளை, சில மாடல்களில் மேஜையையே பிடித்திருக்கும் போல்ட்டுகளை, தளர்த்தித் தட்டிச் சரிசெய்ய வேண்டும். எரிச்சலான வேலைதான், ஒரு போல்ட்டை இறுக்கும்போது இன்னொரு பக்கம் நகர்ந்துவிடும். ஆனாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் ஃபென்ஸ், அதாவது மரத்தின் ஓரத்தைச் சாய்த்துத் தள்ள மேஜைமேல் நிற்கும் நீளச் சட்டம். அதையும் அதே பள்ளத்துக்கு இணையாக வையுங்கள். பின்முனை மயிரிழை விலகி இருந்தால் பரவாயில்லை, பிளேடை நோக்கி மட்டும் சாய்ந்திருக்கவே கூடாது. சாய்ந்திருந்தால் மரம் பின்னால் போகப் போக ஃபென்ஸுக்கும் எழும்பும் பற்களுக்கும் நடுவில் நெருக்கப்படும். பிளேடு மேஜைக்கு 90 டிகிரியில் நிற்கிறதா என்று பார்க்கும்போது மூலைமட்டத்தைப் பல்லில் சாய்க்காமல் பிளேடின் தட்டையான உடம்பில் சாய்த்துப் பாருங்கள்.

ஃபென்ஸ் எவ்வளவு நேராக இருந்தாலும் மரம் தன்பாட்டுக்கு முறுக்கிக்கொள்ளும். உள்ளே இறுக்கம் உள்ள பலகையை நீளவாக்கில் கிழித்தால் வெட்டிய தடம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். அதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ரிவிங் நைஃப் என்ற தகடு நிற்கிறது, பிளேடு ஏறி இறங்கும்போது கூடவே அதுவும் ஏறி இறங்கும். இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி டிராயரில் போட்டுவிடுபவர்கள் நிறைய, என் பார்வையில் அதைவிட முட்டாள்தனம் இந்த மெஷினில் வேறு இல்லை. தகடு பிளேடின் உடம்பைவிடத் தடிமனாகவும், பற்கள் வெட்டும் தடத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். மெல்லிய பிளேடு வாங்கினால் இதைச் சரிபாருங்கள், இல்லையென்றால் மரம் பாதியில் மாட்டிக்கொள்ளும்.

பிளேடு மாட்டும்போது மேல்பகுதிப் பற்கள் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். நட்டைக் கழற்ற, பிளேடு சுற்றும் திசையிலேயே திருப்புங்கள். நீளவாக்கில் கிழிக்க 24 பல், குறுக்கே அறுக்க 60 அல்லது 80 பல், இரண்டுக்கும் ஒன்றே போதும் என்றால் 40 பல். உயரத்தைப் பொறுத்தவரை, பற்களுக்கு இடையிலுள்ள குழிகளின் அடி மரத்தின் மேல்பரப்புக்கு வரும்படி வைத்தால் சரியாக இருக்கும்.

கண்ணாடி, காதடைப்பான், தூசிக்கு முகமூடி, இதெல்லாம் தெரிந்ததுதான். கையுறை மட்டும் வேண்டாம், நூல் ஒன்று மாட்டினாலும் கையை இழுத்துவிடும். தொங்கும் சட்டைக்கை, கயிறு, நகை எதுவும் கூடாது.

வெட்டும்போது பிளேடுக்கு நேர்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். நேரான ஓரத்தைத்தான் ஃபென்ஸில் சாய்க்க வேண்டும், கோணலாக இருந்தால் முதலில் இழைத்து நேராக்குங்கள். ஃபென்ஸோ மைட்டர் கேஜோ இல்லாமல் வெறும் கையில் பிடித்துத் தள்ளவே தள்ளாதீர்கள். இரண்டையும் சேர்த்து வைத்துத் துண்டு போடுவதும் ஆபத்து, வெட்டுப்பட்ட துண்டு ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் சிக்கித் திரும்பிக்கொள்ளும். ஒரே அளவில் பல துண்டுகள் வேண்டுமென்றால் பிளேடுக்கு வெகு முன்னாலேயே ஃபென்ஸில் ஒரு கட்டையை கிளாம்ப் போட்டு, அதில் அளவு வைத்துக்கொண்டு தள்ளுங்கள், மரம் பிளேடைத் தொடும் முன்பே கட்டையை விட்டு விலகியிருக்கும்.

கைக்கும் பிளேடுக்கும் நடுவில் 15 சென்டிமீட்டராவது இருக்கட்டும், அதைவிடக் குறுகலான வெட்டுக்கு கைக்குப் பதிலாக மரத்தைத் தள்ளும் குச்சியோ கட்டையோ, அதாவது புஷ் ஸ்டிக் அல்லது புஷ் பிளாக். அதை ஃபென்ஸ் மேலேயே வைத்திருங்கள், பாதி வெட்டில் எட்டித் தேடும் நிலைமை வரக்கூடாது. ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் இடையில் இருக்கும் துண்டைத்தான் தள்ள வேண்டும், அதுவும் ரிவிங் நைஃபைத் தாண்டும் வரை. நடுவில் நிறுத்தினால் மரம் கருகும், சில சமயம் உதைக்கும். நீளப் பலகை என்றால் பின்னால் தாங்க ஸ்டாண்டு வேண்டும். ஆள் தாங்கினால், தாங்க மட்டும் சொல்லுங்கள், இழுக்கக்கூடாது.

பாதியில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் மரத்தைப் பின்னால் இழுக்காதீர்கள். அழுத்திப் பிடித்தபடியே முழங்காலால் சுவிட்சை அணைத்து, பிளேடு நிற்கும் வரை காத்திருங்கள். பிளேடு பக்கத்தில் கிடக்கும் சின்னத் துண்டுகளை எடுப்பதற்கும் இதே விதிதான்.

தோல் பட்டவுடன் சில மில்லிசெகண்டுகளில் பிளேடை நிறுத்திவிடும் மெஷின்களும் இருக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் அதனால் கிக்பேக் நிற்காது, ஈர மரமோ ஆணியோ பட்டால் தேவையில்லாமலும் இயங்கிவிடலாம், இயங்கினால் பிளேடை நிறுத்தும் பிரேக் கார்ட்ரிட்ஜும் பெரும்பாலும் பிளேடும் காலி.

வெட்டிய ஓரம் கருகுகிறதா, தள்ள அதிக பலம் வேண்டியிருக்கிறதா, அப்போது பிளேடைக் கழற்றிப் பற்களில் பிசின் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் பல் மழுங்கியிருக்காது, பிசின்தான் காரணம். பிசின் கிளீனரில் ஊறவைத்து பழைய டூத்பிரஷால் தேய்த்துத் துடைத்தால் போதும், அதற்கும் சரியாகவில்லை என்றால் சாணை பிடிக்கக் கொடுங்கள்.