பழைய மேஸி 1035 வாங்கப் போகிறீர்களா? எஞ்சின் முதல் ரோட்டவேட்டர் வரை பார்க்கும் முறை

மேஸி பெர்குசன் 1035, கூடவே ஒன்பது கொத்துக் கலப்பை, ஒரு ரோட்டவேட்டர், டிரெய்லர். இப்படி செட்டாக விலைக்கு வரும் இருபது, முப்பது வருட வண்டிகள் தமிழ்நாட்டில் ஏராளம். 36 எச்.பி., சிம்ப்சன் மூன்று சிலிண்டர் எஞ்சின், எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத எளிய அமைப்பு. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டி என்பதால் சின்ன ஊர்களிலும் உதிரி பாகம் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார். முதல் டிராக்டர் வாங்குகிறவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம், சரியான வண்டியாகப் பார்த்து எடுத்தால்.

சரியான வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? மாடல் வருடத்தையும் பெயின்டையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இத்தனை வருடம் அது என்ன வேலை செய்தது என்று பாருங்கள். டெல்டாவில் கேஜ் வீல் (சேற்று வயலுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) போட்டுச் சேறடித்த வண்டிக்குப் பின் ஆக்சில் சீல், பிரேக், முன் ஹப் பேரிங் போயிருக்கும். செங்கல், கரும்பு லோடு இழுத்த வண்டிக்கு கிளட்ச், பிரேக், ஸ்டியரிங் தேய்ந்திருக்கும். ஆனால் பின்னால் கருவியைத் தூக்கி இறக்கும் லிப்டுக்கு வேலையே இருந்திருக்காது என்பதால் ஹைட்ராலிக் நன்றாக இருக்கும். வருடமெல்லாம் ரோட்டவேட்டர் ஓட்டியிருந்தால் பிடிஓ தண்டும் (எஞ்சின் சக்தியைப் பின்னால் உள்ள கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டு) அதன் சீலும் சொல்லிவிடும். விற்கிறவர் "சொந்த வயலுக்கு மட்டும்தான் ஓடியது" என்று சொன்னால், அது உண்மையா என்பதை வண்டியின் தேய்மானத்தில் படித்துக்கொள்ளலாம்.

போகும் முன்

காலையில் போங்கள். "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் காட்டும் குறைகளைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும். போனதும் முதல் வேலையாக ரேடியேட்டரையும் சைலன்சர் அடியையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஏற்கெனவே ஓட வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுவது நல்லது.

டார்ச், பழைய வெள்ளைத் துணி, கடப்பாரை, ஜாக்கி, இரண்டு மரக்கட்டை, மல்டிமீட்டர், நூல்கண்டு, அளவு டேப், நோட்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டி, தோளில் துண்டு வேண்டாம். சுழலும் பிடிஓ தண்டில் துணி சிக்கினால் கையை இழுக்க நேரம் இருக்காது.

படி 1: ஸ்டார்ட் செய்யாமல்

வண்டியைச் சுற்றி ஒரு நடை. எஞ்சினும் கிளட்ச் ஹவுசிங்கும் சேரும் இடத்துப் போல்ட்டுகளைப் பாருங்கள். பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம் இருந்தால் வண்டியை ஒருமுறை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அது குறை இல்லை, கிளட்ச் மாற்றியிருக்கலாம். எப்போது, என்ன போட்டார்கள், பில் இருக்கிறதா என்று கேளுங்கள். புத்தம்புது பெயின்ட் அடித்த வண்டியில் ரிம்மின் உள்பக்கம், அடிப்பகுதி, ஹவுசிங்கின் கீழ்ப்புறம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் தழும்பு இருந்தால் அங்கேதான் இருக்கும்.

எஞ்சின் ஆயில் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடையுங்கள். கறுப்பாக இருப்பது டீசல் எஞ்சினுக்கு இயல்பு. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு குறியைத் தாண்டி ஏறியிருந்து, டீசல் வாடையும் அடித்தால் பம்ப் வழியாக டீசல் உள்ளே இறங்குகிறது; அந்த ஆயிலில் ஓடிய பேரிங்குகளை நம்ப முடியாது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா பாருங்கள். மூடியை இப்போதைக்குத் திறந்தே வையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

இனி ஏர் கிளீனர். புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. ஆனால் எஞ்சினின் ஆயுளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாகம் வேறு இல்லை. பழைய மேஸியில் ஆயில் பாத் வகை இருக்கும். கீழ்க் கிண்ணத்தைக் கழற்றுங்கள். குறி வரை ஆயில் இருந்து, அடியில் கொஞ்சம் மண் படிந்திருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. கிண்ணம் காய்ந்திருந்தாலோ, களிமண் உருண்டையாக இறுகியிருந்தாலோ, அந்த மண்ணின் ஒரு பங்கு சிலிண்டருக்குள் போயிருக்கிறது. கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸையும் கழற்றி உள்ளே விரல் விட்டுத் துடையுங்கள். விரலில் புழுதி ஒட்டினால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஹோஸில் ஒரு சின்ன வெடிப்பு போதும், புழுதி உழவில் ஒரே பருவத்தில் எஞ்சின் வேலை வைத்துவிடும்.

படி 2: ஸ்டார்ட் செய்து

பேட்டரியில் மீட்டர் வையுங்கள். நிறுத்தியிருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏறினால் சார்ஜிங் சரி. செல்ஃபில் சில நொடிகளுக்குள் எடுக்க வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்வதற்காகச் சரிவில் நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

புகையின் நிறத்தைப் பாருங்கள். குளிரில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து, சூடானதும் அடங்கினால் பரவாயில்லை. அடங்காவிட்டால் டீசல் தெளிக்கும் நாசில் அல்லது கம்ப்ரஷன் குறை. ஆக்சிலரேட்டரை ஏற்றும்போது மட்டும் கறுப்பு வந்து தெளிவது இயல்பு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

ரேடியேட்டர் வாயில் இப்போது பாருங்கள். தண்ணீரில் குமிழி இடைவிடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட் வெடித்தும் இருக்கலாம். பார்த்ததும் மூடிவிடுங்கள், சூடான பிறகு இந்த மூடியில் கை வைக்கக் கூடாது.

இருபது நிமிடம் ஓடிச் சூடான பின், எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயில் தலைகீழாக வையுங்கள். லேசாக அதிர்ந்தால் சரி. துள்ளி விழுந்தாலோ, வாயிலிருந்து ரயில் எஞ்சின் மாதிரி புகை குப்குப்பென்று வந்தாலோ, ரிங் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. ஏர் கிளீனர் ஹோஸில் புழுதி இருந்து இதுவும் இருந்தால், எஞ்சின் இறக்கும் செலவை அப்படியே விலையில் கழியுங்கள். ஆயில் பிரஷர் முள்ளையும் சூடான பின் ஐடிலில் பாருங்கள்; குளிரில் நன்றாக நின்ற முள் இப்போது அடியில் கிடந்தால் பேரிங் தேய்மானம். முள்ளே வேலை செய்யாவிட்டால் மெக்கானிக்கை வேறு கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 3: ஓட்டிப் பார்த்தல்

திறந்த இடத்தில், எதிரே ஆள் இல்லாமல், மேல் கியர் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாதி ஆக்சிலரேட்டரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட்டின் விலையைவிட வண்டியைப் பிரித்துச் சேர்க்கும் கூலிதான் உறுத்தும். டூயல் கிளட்ச் வண்டியானால் பெடலைப் பாதி மிதிக்கும்போது வண்டி நின்று, பிடிஓ சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆறு முன் கியர், இரண்டு ரிவர்ஸ் அனைத்தையும் போடுங்கள். சமதரையில் ஒழுங்காக ஓடும் கியர் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விடும்போது தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வரலாம். அதற்காகவே ஒரு சின்ன மேடு இருக்கும் இடமாகப் பார்த்து ஓட்டுங்கள்.

பிரேக்கை இடது, வலது தனித்தனியாக மிதித்து வட்டம் போடுங்கள். இரண்டையும் கொக்கி போட்டு இணைத்து மிதித்தால் வண்டி நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடிக்காவிட்டால் அந்தப் பக்கப் பின் சக்கரத்தின் உள்பக்க ரிம்மைப் பாருங்கள். எண்ணெய் வழிந்த தடம் இருந்தால் ஆக்சில் சீல் போய், கியர் ஆயில் பிரேக்குக்குள் இறங்கியிருக்கிறது. சேற்றில் உழைத்த வண்டியின் அடையாளம் இதுதான். எண்ணெய் வெளியே வரும் வழியில் தண்ணீரும் உள்ளே போகும் என்பதால் கியர் ஆயிலையும் கட்டாயம் பாருங்கள். வெளுத்திருந்தால் பேரிங், பல்சக்கரம் எல்லாமே அந்தத் தண்ணீரில் ஓடியவைதான்.

முன் ஆக்சிலை ஜாக்கியில் ஏற்றி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் ஹப் பேரிங் அல்லது கிங் பின். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது வருவது டை ராடு. ஆக்சிலின் நடுவில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புங்கள். சென்டர் பின் புஷ் தேய்ந்திருந்தால் அங்கே கடகடவென்று சத்தம் வரும். இவை எல்லாம் அதிக விலை இல்லாத வேலைகள், பேரம் பேச உதவும்.

படி 4: லிப்டும் பிடிஓவும்

மேஸியின் இந்த வகை வண்டிகளில் ஹைட்ராலிக் பம்ப் ஹவுசிங்குக்கு உள்ளே, பிடிஓ தண்டின் ஓட்டத்தில்தான் இயங்குகிறது. பிடிஓ லீவர் போடாவிட்டால் லிப்ட் தூக்காது. இது தெரியாமல் லிப்ட் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

இருப்பதிலேயே கனமான கருவியை மாட்டுங்கள். ரோட்டவேட்டரானால் இந்தச் சோதனைக்குக் கார்டன் தண்டை (பிடிஓவையும் கருவியையும் இணைக்கும் தண்டு) இணைக்க வேண்டாம், கருவி சுற்றாமல் எடை மட்டும் ஏறினால் போதும். ஆயில் நன்றாகச் சூடான பிறகே சோதியுங்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த பம்பும் நல்ல பம்ப் போல நடிக்கும். முழு உயரத்துக்குத் தூக்கி, எஞ்சின் ஓட, சும்மா நிற்க விடுங்கள். கருவி சற்று இறங்கி, சட்டென்று ஏறி, மறுபடி இறங்கி என்று விக்கல் எடுத்தால் உள்ளே பிரஷர் கசிகிறது. பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். மெல்ல மெல்ல இறங்குவது பழைய வண்டியில் இயல்பு. இரண்டு மூன்று நிமிடத்தில் தரையைத் தொட்டால் லிப்ட் சிலிண்டர் சீல் வேலை இருக்கிறது. தூக்கிய கருவிக்கு அடியில் காலையோ தலையையோ கொண்டுபோகாதீர்கள்.

பிடிஓ தண்டு ஆறு பள்ளம் கொண்ட 35 மில்லிமீட்டர் தண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு விரலால் தடவுங்கள். பற்களின் ஓரம் கத்திபோல மெலிந்திருந்தால் ரோட்டவேட்டரில் ரொம்ப நாள் உழைத்திருக்கிறது.

படி 5: டயர்

பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டியிருந்தால் அது பெரிய தொகை. பட்டன் உயரம் மட்டும் போதாது, பக்கவாட்டு வெடிப்பையும் பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 3218 என்றால் 2018-ன் 32-வது வாரம் தயாரானது. நடுப்பட்டன் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் தார் ரோட்டில் லோடு இழுத்த வண்டி. எடைக்காக டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் வால்வு ஓட்டையைச் சுற்றி ரிம் உள்ளிருந்து துருப்பிடிக்கும்; ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் அங்கே தட்டிப் பாருங்கள்.

படி 6: கருவிகள்

கலப்பையைச் சமமான சிமென்ட் தரையில் இறக்குங்கள். ஒன்பது கொழுவும் தரையைத் தொட வேண்டும். பிரேமின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்தால் வளைவு தெரிந்துவிடும். தேய்ந்த கொழுவைத் திருப்பிப் போடலாம், மாற்றலாம். வளைந்த பிரேம் ஒருநாளும் ஒரே ஆழத்தில் உழாது.

ரோட்டவேட்டரில் பிளேடு தேய்ந்திருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்கள் அதிகம். பிளேடு செலவு சின்னது. கியர் பெட்டிக்கு எதிர்ப்பக்கம், ரோட்டார் தண்டின் கடைசி பேரிங்தான் முக்கியம். மண்ணும் வைக்கோலும் சுற்றிக்கொண்டு சீலைத் தின்பது அங்கேதான். எஞ்சினை நிறுத்தி, கருவியைக் கட்டை மேல் உட்கார வைத்து, கடப்பாரையால் ரோட்டாரை நெம்பிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கும் அது உட்காரும் ஹவுசிங்கும் சேர்ந்து போகும். பிளேடு பிடிக்கும் பிளேஞ்சுகளில் வெடிப்பு, பக்கப் பெட்டியில் எண்ணெய்க் கசிவு, கார்டன் தண்டின் கிராஸ் பேரிங் ஆட்டம் ஆகியவை அடுத்து. கார்டனில் ஷியர் போல்ட் இருக்கும் இடத்தில் கடினமான சாதாரண போல்ட் போட்டு முடுக்கியிருந்தால் கவனம்: கல்லில் மோதும்போது உடைந்து காப்பாற்ற வேண்டியது அந்த போல்ட். அது உடையாததால் அடி முழுவதும் கியர் பெட்டிக்கும் வண்டியின் பிடிஓவுக்கும் போயிருக்கும். 36 எச்.பி.க்கு ஐந்தடிக்கு மேல் ரோட்டவேட்டர் பாரம். செட்டில் ஆறடி கொடுத்தால் அதைத் தனியாக விற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

டிரெய்லரில் கொக்கி வளையம் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா, சேசிஸில் ஒட்டு வெல்டிங் இருக்கிறதா, ஹப் ஆடுகிறதா என்று பாருங்கள். கேஜ் வீல் இருந்தால் அந்த வண்டியிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டை பொருந்தாத வீல் வெறும் இரும்பு எடைதான்.

படி 7: காகிதமும் பணமும்

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ், எஞ்சின் எண்களை வண்டியில் பொறித்த எண்களோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு, அதையும் கேளுங்கள். விவசாய டிராக்டருக்குப் பதிவு 15 வருடம். அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டிகளில் இது பெரும்பாலும் விடுபட்டிருக்கும். வங்கிக் கடன் குறிப்பு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் முன்பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும்.

நோட்டில் எழுதிய குறைகளை உங்கள் ஊர் மெக்கானிக்கிடமும் ஸ்பேர்ஸ் கடையிலும் காட்டி, ஒவ்வொன்றுக்கும் பாகமும் கூலியும் கேட்டு எழுதுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை வைத்துப் பேசினால் பேரம் வாக்குவாதமாகாது. முன்பணச் சீட்டில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்: டாப் லிங்க், கார்டன் தண்டு, லிங்க் பின், செயின் உட்பட. செட்டில் காணாமல் போவது எப்போதும் இந்தச் சின்ன சாமான்கள்தான்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் வயலில் இறக்காதீர்கள். எஞ்சின் ஆயில், பில்டர், டீசல் பில்டர், கியர் ஆயில், ஏர் கிளீனர் ஆயில் ஐந்தையும் மாற்றி, முன் ஹப்புக்குப் புது கிரீஸ் வைத்து, வடித்த ஆயிலை ஒரு பாத்திரத்தில் பிடித்து அடியில் காந்தம் விட்டுப் பாருங்கள். மாவு மாதிரி பொடி ஒட்டினால் வயதின் தேய்மானம். பல் துண்டோ சில்லோ ஒட்டினால் முதல் உழவுக்கு முன்பே ஹவுசிங்கைத் திறந்துவிடுங்கள்.