காதைக் குத்தும் ஹெட்ஃபோன்: குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யவும் நம் பாட்டுக்கு ஏற்றதை வாங்கவும்

மூன்று மாதம் யோசித்து, கிடைத்த விமர்சனங்களையெல்லாம் படித்துவிட்டு ஒரு ஹெட்ஃபோன் வாங்கினேன். நுணுக்கமெல்லாம் துல்லியமாகக் கேட்கும் என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். வந்த அன்று இரவே, பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். வயலினில் நாதத்தைவிட வில் உரசுவதுதான் பெரிதாகக் கேட்டது. கடம் தகர டப்பாவாக ஒலித்தது. பாடகி 'ஸ' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் காதில் ஊசி இறங்கியது. இருபது நிமிடத்துக்குமேல் தாங்கவில்லை, கழற்றி வைத்துவிட்டேன்.

இந்த வகை ஒலியைத்தான் விமர்சகர்கள் 'பிரைட்' என்கிறார்கள். 5,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர் அதிர்வெண்கள் மற்றவற்றைவிட ஓங்கி நிற்கும். கடையில் ஐந்து நிமிடம் கேட்டால் பிரமிப்பாகத்தான் இருக்கும். இரண்டரை மணி நேரக் கச்சேரியைக் கேட்டால்தான் வலி தெரியும். விற்றுவிடுவது என்று முடிவு செய்தவன், அதற்குமுன் என்ன கோளாறு என்று பார்த்துவிடலாம் என இரண்டு வாரம் உட்கார்ந்தேன். அப்போது கற்றதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கும் இதே அனுபவம் என்றால், பணத்தைச் செலவழிக்குமுன் முதல் நான்கு படிகளையும் செய்து பாருங்கள்.

படி 1: கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்

ட்ரெபிள் (உயர்ந்த ஒலிகள்) அதிகம் என்று நாம் நினைக்கும் பல நேரங்களில் உண்மையில் பேஸ்தான் (தாழ்ந்த ஒலிகள்) குறைந்திருக்கும். காதைச் சுற்றி மெத்தை சரியாகப் பதியாவிட்டால் முதலில் காணாமல் போவது தாழ்ந்த அதிர்வெண்கள். மிஞ்சுவது வெறும் கூர்மை.

மிருதங்கம் தனியாக வாசிக்கும் ஒரு பகுதியைப் போடுங்கள். தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தின்) கும்கியை, அதாவது அதன் கனத்த முழக்கத்தைக் கவனித்தபடியே இரு கைகளாலும் ஹெட்ஃபோனை மெல்லக் காதோடு அழுத்துங்கள். தொப்பி சட்டென்று கனத்து ஒலித்தால் கசிவு இருக்கிறது. நான் கண்ணாடி அணிபவன். கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிக்கொண்டிருந்தது. மெல்லிய காம்புள்ள பழைய கண்ணாடிக்கு மாறியதும் பாதி வித்தியாசம் தெரிந்தது. இயர்ஃபோன் என்றால் ரப்பர் முனையை ஓர் அளவு பெரிதாக மாற்றிப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை. வலது காதுக்கு நடுத்தரமும் இடது காதுக்குப் பெரியதும் போடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இன்னொன்று வால்யூம். குறைந்த வால்யூமில் நம் காதுக்குப் பேஸ் சரியாக எட்டாது. அது போதவில்லை என்று வால்யூமைக் கூட்டுகிறோம், கூடவே ட்ரெபிளும் ஏறிக் குத்துகிறது. பேஸுக்காக வால்யூமைக் கூட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் கூடக் கூட இந்த நேரம் வேகமாகச் சுருங்கும்.

படி 2: பதிவின் குறையா, ஹெட்ஃபோனின் குறையா?

பழைய கேசட்டிலிருந்து மாற்றிய பதிவுகளில் இரைச்சல் இருக்கும். நாகஸ்வரத்துக்கு மிக அருகில் மைக் வைத்து எடுத்த பதிவுகள் எந்த ஹெட்ஃபோனிலும் கடுமையாகத்தான் ஒலிக்கும். திறந்த வெளியில், தேரடியில் கேட்க வேண்டிய வாத்தியம் அது. ஆகவே ஒரே பதிவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில் பதிவான ஐந்து கச்சேரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்திலும் ஒரே மாதிரி குத்தினால் ஹெட்ஃபோன்தான் காரணம்.

படி 3: எந்த இடத்தில் குத்துகிறது?

நான் வழுக்கி விழுந்த படி இது. இங்கே அவசரப்படாதீர்கள்.

கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஆலாபனையில் பாடகர் 'த', 'ரி', 'ந', 'ஆ' என்றே பாடுவார். சீறும் எழுத்து கிட்டத்தட்ட இருக்காது. கல்பனாஸ்வரத்தில் 'ஸ' வந்துகொண்டே இருக்கும். 'ஸ' என்பதன் சீறல் பெரும்பாலும் 5,000 முதல் 9,000 ஹெர்ட்ஸில் விழும். ஒரே பாடகரின் ஆலாபனையையும் ஸ்வரத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆலாபனை சுகமாக இருந்து, ஸ்வரத்தில் மட்டும் குத்தினால் கோளாறு அந்தப் பகுதியில் இருக்கிறது. ஆலாபனையே, குறிப்பாகத் தாரஸ்தாயியில் (மேல் ஸ்தாயியில்), கத்துவதுபோல் இருந்தால் கோளாறு இன்னும் கீழே, 2,000 முதல் 4,000 வரை உள்ள பகுதியில் இருக்கலாம்.

இந்தச் சோதனை அப்போது எனக்குத் தெரியாது. ஒற்றை அதிர்வெண் ஒலியை எழுப்பும் செயலி ஒன்றை இறக்கி, 1,000 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மேலே ஏற்றிக்கொண்டு போனேன். 3,000 பக்கம் ஒலி பெரிதாகக் கேட்டது. 'இதுதான் குற்றவாளி' என்று ஈக்வலைசரில் (ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்க உதவும் செயலி) அந்த இடத்தில் 6 டெசிபல் வெட்டினேன். குத்தல் அப்படியே இருந்தது. அதோடு பாடகி திரைக்குப் பின்னால் போய்விட்டார், மிருதங்கத்தின் சாப்பு மழுங்கிவிட்டது. இரண்டு இரவுகள் அந்த எண்ணையே கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. காதுக் குழாய் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி அதுவே ஒத்திசைந்து ஒலியைப் பெருக்கும். 1933இல் ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் வெளியிட்ட சம ஒலியளவுக் கோடுகளிலும் (எந்த அதிர்வெண்ணுக்கு எவ்வளவு சத்தம் இருந்தால் காதுக்குச் சமமாகக் கேட்கும் என்று காட்டுபவை) நம் காது மிகக் கூர்மையாக இருப்பது இந்த வட்டாரத்தில்தான். எவ்வளவு நல்ல ஹெட்ஃபோனிலும் ஒற்றை ஒலியை ஏற்றிக்கொண்டு போனால் அங்கே ஒரு மேடு கேட்கத்தான் செய்யும். அது உங்கள் காது. அதை வெட்டினால் குரலின் உயிரை வெட்டுகிறீர்கள்.

ஆகவே அகலமான மேட்டைத் தேடாதீர்கள், திடீரென்று துள்ளும் முள்ளைத் தேடுங்கள். வால்யூமை வழக்கத்தைவிடக் குறைத்துக்கொண்டு 4,000இல் தொடங்கி 10,000 வரை மிக மெதுவாக நகருங்கள். ஓர் இடத்தில் ஒலி சட்டென்று முன்னால் வந்து, சற்றுத் தள்ளியதும் பின்வாங்கும். எனக்கு அது 8,000ஐ ஒட்டி இருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி மறுபடி மாட்டி, இன்னும் இரண்டு முறை செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்தால் நம்பலாம். இடம் மாறிக்கொண்டே இருந்தால் அது நீங்கள் மாட்டும் விதத்தால் வருவது. அப்படியென்றால் குறுகலாக வெட்டிப் பயனில்லை, சற்று அகலமாக, குறைவாக வெட்டுங்கள்.

உறுதிசெய்ய ஒரு தந்திரம்: அந்த இடத்தை முதலில் 4 டெசிபல் கூட்டிவிட்டு ஸ்வரப் பகுதியைச் சில விநாடி கேளுங்கள். உங்களை வதைத்த அதே ஊசி பெரிதானால் இடம் சரி. வேறு ஏதோ பெரிதானால் தேடலைத் தொடருங்கள்.

படி 4: ஈக்வலைசரில் திருத்துங்கள்

விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ, அதற்கு முகப்பாகப் பீஸ். இரண்டும் இலவசம், இவற்றைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போதும். ஐபோனில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் 'ஹெட்ஃபோன் அக்காமடேஷன்ஸ்' இருக்கிறது. ஒலியின் போக்கை ஓரளவு மாற்றலாம், நுண்ணிய வேலைக்கு உதவாது.

பட்டைகளை ஏற்றி இறக்கும் கிராஃபிக் ஈக்வலைசரைவிடப் பாராமெட்ரிக் வகையையே பரிந்துரைப்பேன். முன்னதில் வழக்கமாக 4,000, 8,000, 16,000 என்று இரட்டிப்பாகத் தாவும். உங்கள் முள் 5,800இல் இருந்தால் அதைத் தனியாகத் தொடவே முடியாது. பாராமெட்ரிக்கில் எந்த இடம், எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்ற மூன்றையும் நாமே சொல்லலாம். அகலத்துக்கு 'க்யூ' என்று பெயர். எண் கூடினால் வெட்டு குறுகும்.

என் ஹெட்ஃபோனுக்கு அமைந்தவை: 8,000 ஹெர்ட்ஸில் 5 டெசிபல் குறைப்பு, க்யூ 3. பிறகு 105 ஹெர்ட்ஸுக்குக் கீழே 'லோ ஷெல்ஃப்' வகையில் (அதற்குக் கீழுள்ள எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்துவது) 3 டெசிபல் கூட்டல். இவை என் காதுக்கு வந்த எண்கள், உங்களுக்கு வேறாக இருக்கும். எதையாவது 3 டெசிபல் கூட்டினால் 'ப்ரீஆம்ப்' (ஈக்வலைசரின் மொத்த ஒலி) அளவைக் குறைந்தது அதே 3 டெசிபல் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உச்ச ஒலிகள் உடைந்து கரகரக்கும், அந்தக் கரகரப்பையும் ட்ரெபிள் என்றே நினைத்துக்கொள்வோம்.

திருத்தியதும் உடனே அணைத்தும் போட்டும் ஒப்பிடத் தோன்றும். சத்தம் அதிகமாக இருப்பதே எப்போதும் நன்றாக இருப்பதுபோல் படும், ஆகவே இரண்டின் அளவையும் சமமாக்கிக்கொண்டு ஒப்பிடுங்கள். அதைவிட நல்லது, திருத்தத்தைப் போட்டுவிட்டு ஒரு முழுக் கச்சேரி கேட்பது. எனக்கு அன்று தம்பூரா திரும்பக் கிடைத்தது. ஜீவா (கம்பிக்கு அடியில் வைக்கும் நூலால் எழும் ரீங்காரம்) இரும்புக் கம்பியின் இரைச்சலாக இல்லாமல், பின்னால் விரிந்த ஒரு கம்பளமாகக் கேட்டது.

பல நாள் ஓடவிட்டால் ஒலி தானே மென்மையாகும் என்று சொல்பவர்களை நம்பிக் காத்திருக்காதீர்கள். விலை உயர்ந்த கேபிளுக்கும் ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டாம். 5 டெசிபல் முள்ளைக் கேபிளால் எடுக்க முடியாது.

படி 5: வேறு வாங்குவது என்று முடிவு செய்தால்

விமர்சனத்தின் உரிச்சொற்களைவிட அதிர்வெண் வரைபடத்தை (எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று காட்டுவது) நம்புங்கள். பார்க்க வேண்டியவை மூன்று. 100 ஹெர்ட்ஸ் பகுதி, 1,000 ஹெர்ட்ஸ் பகுதியைவிடத் தாழ்ந்திருக்கிறதா? தாழ்ந்திருக்கக் கூடாது. 3,000 பக்கம் மிதமான மேடு இருக்கிறதா? இருக்க வேண்டும், இது காதுக் குழாயின் கணக்கு. 5,000க்கு மேல் முள் ஏதும் எழுகிறதா?

ஒப்பிட ஹார்மன் வளைகோட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவும் அவரது சகாக்களும் கேட்போரை வைத்துப் பல சோதனைகள் நடத்தி, பெரும்பாலோருக்குப் பிடித்த ஒலி எது என்று கண்டு உருவாக்கியது அது. நம் சங்கீதத்துக்கு அதன் பேஸ் எனக்குச் சற்று அதிகம். மின்னணு இசை கேட்பவருக்குச் சரியாக இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: இயர்ஃபோன் வரைபடங்களில் 8,000 பக்கம் தெரியும் முள்ளை அப்படியே நம்பக் கூடாது. அளக்கும் கருவிக்குள் உண்டாகும் ஒத்திசைவாலேயே அது வரக்கூடும். உங்கள் காதில் வேறு இடத்தில் இருக்கும். இத்தகைய அளவீடுகளிலிருந்து கணக்கிட்டு ஆயத்தமாகக் கிடைக்கும் ஆட்டோஈக்யூ திருத்தங்களைப் போடும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

மிருதங்கத்தைச் சோதனையாக வையுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வலந்தலையின் (வலப்பக்கத்தின்) மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் இருமடங்கு, மும்மடங்கு என ஒழுங்காக அமைவதை 1920இல் நேச்சர் இதழில் எடுத்துக்காட்டியவர் சி.வி. ராமன். நடுவில் இடும் கருப்புப் பூச்சான கரணைதான் அந்த ஒழுங்கைத் தருகிறது. அதனால்தான் மிருதங்கத்துக்குச் சுருதி இருக்கிறது. அந்தச் சுருதி பெரும்பாலும் தாழ்ந்த, நடு அதிர்வெண்களில் வாழ்கிறது. மேலே இருப்பது விரல் படும் சத்தம். நல்ல ஹெட்ஃபோனில் முதலில் சுருதி கேட்க வேண்டும், விரல் பிறகு. என் பழைய ஹெட்ஃபோனில் விரல் மட்டுமே கேட்டது.

குரலும் வயலினும் முக்கியம் என்பவர்களுக்கு என் தேர்வு சென்ஹைசர் எச்டி 650. 2003இல் வந்தது, இன்றும் தயங்காமல் சொல்வேன். 1997இல் வந்த எச்டி 600 அதைவிடச் சற்றுத் தெளிவு கூடியது. இரண்டும் திறந்த அமைப்பு என்பதால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், பஸ்ஸுக்கு ஆகாது. 300 ஓம் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்குத் தரும் தடை) உடையவை, பல கைபேசிகளில் நேரடியாகச் செருகினால் சத்தம் போதாது. சிறிய ஆம்ப் (ஒலி சமிக்ஞையைப் பெருக்கும் கருவி) ஒன்று வேண்டும்.

பிற்சேர்க்கை 1: ஈக்வலைசர் ஏபிஓ நிறுவியும் எந்த மாற்றமும் இல்லை என்று ஒரு வாசகர் எழுதினார். நிறுவும்போது சாதனங்களின் பட்டியல் வரும், அதில் உங்கள் ஹெட்ஃபோன் செருகியிருக்கும் சாதனத்தைத் தேர்ந்தெடுத்து, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு வேலை செய்யாமல் போனாலும் அதே பட்டியலைத் திறந்து மறுபடி தேர்ந்தெடுங்கள்.

பிற்சேர்க்கை 2: புளூடூத்தில் ஒலி திடீரென்று தொலைபேசிக் குரல்போல் ஆகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஏதோ ஒரு செயலி மைக்கைத் திறந்திருக்கும். அப்போது ஹெட்ஃபோன் அழைப்புக்கான முறைக்கு மாறித் தரம் இறங்கிவிடும். அந்தச் செயலியை மூடினால் சரியாகும். அந்த நிலையில் இருக்கும்போது ஈக்வலைசரைத் தொடாதீர்கள்.

பிற்சேர்க்கை 3: நான்கு ஆண்டுகள் நன்றாக இருந்த ஹெட்ஃபோன் இப்போது குத்துகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். மெத்தையைப் பார்க்கச் சொன்னேன். தோல் உரிந்து, உள்ளே பஞ்சு அமுங்கிப் போயிருந்தது. மெத்தை அமுங்கினால் காதுக்கும் ஒலிப்பானுக்கும் உள்ள தூரமும் குறையும், கசிவும் கூடும். அதே மாதிரிக்கென்று வரும் மெத்தையையே வாங்குங்கள். பொருந்தும் என்று சொல்லி விற்கும் வேறு மெத்தைகள் ஒலியை வேறு திசைக்குக் கொண்டுபோய்விடும். புதிய மெத்தை மாட்டியதும் பழைய ஈக்வலைசர் அமைப்பை நீக்கிவிட்டு, படி 1இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.