உற்சாக பானமும் ஊரடங்கும்: வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் வீட்டுக்குள் அடைந்த மூன்றாவது வாரம், அன்றைக்கு என்ன கிழமை என்பதே எனக்கு மறந்துபோனது. அதை மீட்டுத் தந்தது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளி. வியாழக்கிழமை இரவு ஈஸ்ட் தூவினேன். வெள்ளிக்கிழமை காலை, மூடியில் செருகியிருந்த ஏர்லாக்கில் (உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுக்கும் சிறு குழாய்) முதல் குமிழ் ‘பொளக்’ என்றது. ஞாயிறன்று நுரை மூடியை எட்டியது. அடுத்த வியாழன் அளவு பார்க்க வேண்டும், அதற்கடுத்த வாரம் பாட்டிலில் அடைக்க வேண்டும் என்று நாள்கள் மறுபடியும் பெயர் சூடிக்கொண்டன.

மதுவுக்கு ‘உற்சாக பானம்’ என்று நாசூக்கான பெயர் ஒன்று வைத்திருக்கிறோம். அந்தப் பெயரை நம்பி இந்த வேலையில் இறங்குவதுதான் முதல் தவறு. அந்த மாதங்களில் என்னைத் தூக்கி நிறுத்தியது பானம் அல்ல, அது தயாராகும்வரை எனக்கு வைத்த வேலை. இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பாதியை நானே செய்தவன். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: நேரம் மலைபோல் கிடக்கும்போதுதான் மனிதனுக்கு அவசரம் அதிகமாகிறது.

காய்ச்சுவது வேறு, வடிப்பது வேறு

‘வீட்டில் காய்ச்சுகிறேன்’ என்றால் நம் காதுக்குச் சாராய வாசனைதான் வரும். நான் பேசுவது அதுவல்ல. முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றைக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் கலந்து நொதிக்கவிடுவது பீர். நொதித்ததை மறுபடி சூடாக்கி ஆவியைக் குளிர்வித்துப் பிடிப்பது வடிப்பு. பீருக்கு அனுமதி தரும் நாடுகளிலும் பெரும்பாலானவை வீட்டில் வடிப்பதைக் குற்றமாகவே வைத்திருக்கின்றன. ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும் என்பது ஒரு காரணம், வரி இன்னொரு காரணம். சில நாடுகளில் பீருக்கே அனுமதி இல்லை. ஆகவே வாளி வாங்குவதற்கு முன்னால் நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். ‘ஊரடங்கில் யார் பார்க்கப்போகிறார்கள்’ என்பது பதில் ஆகாது.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, மது உள்ளே போனால் கிருமி சாகும் என்ற நம்பிக்கை. 2020இல் ஈரானில் இந்த வதந்தியை நம்பி மெத்தனால் கலந்த கள்ளச்சரக்கைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மது கொரோனாவிலிருந்து காக்காது என்று உலக சுகாதார நிறுவனமே அறிவிக்க வேண்டியிருந்தது. முறையாக நொதித்த பீரில் மெத்தனால் ஆபத்து இல்லை. ஆனால் அது மருந்தும் இல்லை.

வாளிக்கும் இருபது விநாடி

கை கழுவுவதை உலகமே புதிதாகக் கற்றுக்கொண்ட காலம் அது. வாளி விஷயத்தில் மட்டும் ஏனோ பலரும் அலட்சியமாக இருந்தார்கள். சுத்தம் செய்வதும் கிருமி நீக்குவதும் இரண்டு தனி வேலைகள். பிசுக்கு ஒட்டிய பாத்திரத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கிருமிநாசினியை ஊற்றினாலும், அது பிசுக்கின் மேல்தான் படும். அடியில் இருக்கும் பாக்டீரியா சுகமாக இருக்கும். முதலில் தேய்த்துக் கழுவி அலச வேண்டும். அதன் பிறகுதான் கிருமிநாசினி. கொதிக்கும்வரை இந்தக் கவலை வேண்டாம், கொதி எல்லாவற்றையும் கொன்றுவிடும். ஆறிய சாற்றைத் தொடப்போகும் ஒவ்வொரு பொருளும் (கரண்டி, குழாய், மூடி, ஈஸ்ட் பொட்டலத்தை வெட்டும் கத்தரிக்கோல் உட்பட) கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லோரும் மறப்பது அந்தக் கத்தரிக்கோலைத்தான். வாளியின் அடிக்குழாய் இரண்டாமிடம்: அதைக் கழற்றி உள்ளே பார்த்தால் போன மாதத்துப் பீர் பாசியாகப் படிந்திருக்கும்.

வீட்டில் பிளீச் இருக்கிறது, அதையே ஊற்றிவிடலாம் என்று தோன்றும். குளோரின் துளி மிச்சமிருந்தாலும் மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி போன்ற மருந்து வாடை வரும். அந்த வாடை போகவே போகாது. பீர் தயாரிப்போருக்கென்றே விற்கும், கழுவி விடத் தேவையில்லாத அமில வகை கிருமிநாசினி மேல். எதுவானாலும் பிளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ அமோனியாவையோ கலக்காதீர்கள்; எழும் வாயு நுரையீரலைத் தாக்கும்.

குழாய்த் தண்ணீரிலும் இதே குளோரின் சிக்கல் உண்டு. குளோரின் கொதியில் பறந்துவிடும், சில ஊர்களில் அதற்குப் பதில் கலக்கும் குளோரமைன் எளிதில் பறக்காது. அதற்கு மெட்டாபைசல்பைட் மாத்திரை ஒன்று சுமார் 75 லிட்டருக்குப் போதும். இருபது லிட்டருக்குக் கால் மாத்திரை.

தூங்கும் குழந்தையை எழுப்பாதீர்கள்

ஈஸ்ட் தூவியாகிவிட்டது. இனி உங்களுக்கு வேலை இல்லை. ஊரடங்கில் இதைவிடக் கொடுமையான வாக்கியம் கிடையாது. நாளுக்கு நாலு முறை மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறோம், முகர்கிறோம், கரண்டியால் கிளறக்கூடச் செய்கிறோம். ஈஸ்ட் போடும் தருணத்தில் காற்று நல்லது. செல்கள் பெருகுவதற்கு ஆக்சிஜன் வேண்டும், சாற்றை நன்றாகக் குலுக்கலாம். நொதித்தல் தொடங்கிய பிறகு அதே காற்று எதிரி. உள்ளே கார்பன் டை ஆக்சைடு போர்வைபோல் படர்ந்திருக்கும். திறக்கத் திறக்க அது கலைந்து ஆக்சிஜன் புகும். சில வாரங்களில் பீரில் நனைந்த அட்டைப்பெட்டி ருசி தெரியும். பாட்டிலுக்கு மாற்றும்போது சளசளவென்று ஊற்றுபவர்களுக்கும் இதே கதிதான். குழாயின் நுனி பாட்டிலின் அடியைத் தொட வேண்டும்.

பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஏர்லாக்கில் மூக்கை வைத்து முகருங்கள். இரண்டாம் நாள் ரொட்டிக் கடை வாசனையும் பழ வாசனையும் வரும். சில ஈஸ்ட் வகைகளில் மூன்றாம் நாள் அழுகிய முட்டை நாற்றம்கூட வரலாம். பதறிக் கொட்டிவிடாதீர்கள், அது பெரும்பாலும் தானே போய்விடும். மேலே பழுப்பு நிறத்தில் அழுக்குத் திட்டுபோல் மிதப்பது ஈஸ்ட்டும் ஹாப்ஸ் பிசினும் சேர்ந்த நுரை. புதிதாகச் செய்பவர்கள் அதைப் பூஞ்சை என்று நினைத்து நல்ல பீரைச் சாக்கடையில் விட்ட கதைகள் ஏராளம். பச்சையாகவோ கறுப்பாகவோ வெள்ளையாகவோ ரோமம் முளைத்ததுபோல் இருந்தால் மட்டுமே பூஞ்சை.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மிதமான வெப்பத்தில் நொதிக்கும் ஏல் வகைப் பீரின் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் சுகம். நொதித்தலே சூடு கிளப்பும் என்பதால் வாளிக்குள் அறையைவிடச் சில டிகிரி அதிகமாகவே இருக்கும். 25ஐத் தாண்டினால் தொண்டையில் எரிச்சலும், பழம் அழுகிய வாடையும், குடித்த மறுநாள் தலைவலியும் வரக்கூடும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஈரத் துண்டால் போர்த்தினாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். குளிரில் மெல்ல நொதிக்கும் லாகர் வகையை முதல் முயற்சியாக எடுக்காதீர்கள். அதற்கு 8 முதல் 13 டிகிரியை வாரக்கணக்கில் காப்பாற்ற வேண்டும்.

குமிழ் பொய் சொல்லும்

இந்த ஒரு தவறைப் பற்றி மட்டும் நீட்டி எழுதுவேன், ஏனென்றால் என் அலமாரியின் கதவில் இன்னும் அதன் தழும்பு இருக்கிறது.

ஒன்பதாம் நாள் ஏர்லாக் அமைதியானது. நொதித்து முடிந்தது என்று நினைத்தேன். அளவு பார்த்ததில், தண்ணீரோடு ஒப்பிட்டு அடர்த்தியைச் சொல்லும் ஹைட்ரோமீட்டர் 1.018 காட்டியது. சர்க்கரை நொதிக்க நொதிக்க இந்த எண் இறங்கும். இன்னும் இறங்க வேண்டுமே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. சனிக்கிழமைக்குள் பாட்டிலில் அடைத்துவிட வேண்டும் என்று இன்னொரு குரல் சொன்னது. இரண்டாவது குரல் வென்றது. லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை சேர்த்து அடைத்தேன். பத்து நாள் கழித்து, இரவு இரண்டு மணிக்கு, வீட்டுக்குள் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். அலமாரியைத் திறந்தால் பாட்டிலின் அடிப்பாகம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. மிச்சமெல்லாம் மரக் கதவில் குத்தியிருந்தது. திறக்கும் நொடியில் இரண்டாவது வெடித்திருந்தால் இதை எழுதக் கண் இருந்திருக்காது.

நடந்தது எளிய கணக்கு. சாதாரண பீரில் அதன் கொள்ளளவைப்போல் சுமார் 2.4 மடங்கு கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். நொதித்து முடிந்த பீரில் லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை சேர்த்தால் அந்த அளவு கிடைக்கும். நொதிக்காமல் மிச்சமிருக்கும் சர்க்கரையோ, ஹைட்ரோமீட்டரில் இரண்டு புள்ளி (அதாவது 0.002) இறங்குவதற்குள் மேலும் ஏறத்தாழ ஒரு மடங்கு வாயுவை உண்டாக்கும். என் பீர் 1.010 வரை இறங்கியிருக்க வேண்டியது. எட்டுப் புள்ளி மிச்சம் என்றால், பீரின் கொள்ளளவைப்போல் நான்கு மடங்கு வாயு கூடுதல். ஷாம்பெயின் பாட்டிலின் கனத்த கண்ணாடி தாங்கக்கூடியதை மெல்லிய பீர் பாட்டிலில் திணித்திருந்தேன்.

குமிழ் நிற்பதற்கு நூறு காரணம் உண்டு: மூடி சரியாகப் பொருந்தாமல் வாயு ஓரத்தில் கசியலாம், இரவு குளிரில் ஈஸ்ட் சோம்பியிருக்கலாம். நொதித்து முடிந்ததா என்பதை ஹைட்ரோமீட்டர் மட்டுமே சொல்லும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இருமுறை பாருங்கள். எண் அசையாமல் இருந்து, அது அந்த வகைக்கு எதிர்பார்க்கும் அளவை ஒட்டியும் இருந்தால் அடைக்கலாம். தொடக்க அளவைக் குறித்து வைக்க மறந்துவிடாதீர்கள். தொடக்கத்திலிருந்து முடிவைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் வரும். 1.048இல் தொடங்கி 1.012இல் நின்றால் சுமார் 4.7.

முதல் முறை அடைப்பவர்கள் ஒரு பாட்டிலை மட்டுமாவது குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்புங்கள். விரலால் அழுத்திப் பார்த்தாலே உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அது கல்போல் இறுகினால், தடித்த கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மற்றவற்றைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு, துண்டால் மூடித் திறந்து வாயுவை விடுங்கள். கண்ணாடிப் பாட்டில் பழுப்பு நிறமாக இருக்கட்டும். பச்சையிலும் வெள்ளையிலும் வெளிச்சம் புகுந்து, ஹாப்ஸின் கசப்புப் பொருளைச் சிதைத்து, ஸ்கங்க் என்னும் விலங்கின் நாற்றத்தைக் கொண்டுவந்துவிடும்.

இருபது லிட்டரும் ஒரே ஆளும்

வழக்கமான செய்முறைகள் எல்லாம் இருபது லிட்டருக்கு எழுதப்பட்டவை. அதாவது அறுபது பாட்டில். விருந்தும் திருவிழாவும் இருந்த நாளில் அது சரி. யாரும் வராத வீட்டில் அறுபது பாட்டில் இருந்தால் அதைக் காலி செய்பவர் யார்? நான்கைந்து லிட்டர் போடுங்கள். செலவு குறைவு, கெட்டாலும் மனம் ஒடியாது, அதைவிட முக்கியம், மாதத்துக்கு ஒரு முறைக்குப் பதில் வாரத்துக்கு ஒரு வேலை கிடைக்கும். 11 கிராம் ஈஸ்ட் பொட்டலத்தில் கால் பங்கு போதும். மீதியை இறுக மூடிக் குளிரில் வையுங்கள்.

தூக்கம் வராத இரவில் ஒரு கிளாஸ் என்பது அன்றைக்குப் பலரும் சறுக்கிய இடம். மது சீக்கிரம் கண்ணை மூடவைக்கும், ஆனால் பின்னிரவில் எழுப்பிவிடும். நான் ஒரு நோட்டில் செய்முறையின் பக்கத்திலேயே குடித்ததையும் எழுதினேன். மூன்றாம் மாதம் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது நோட்டை மூடி வைக்கத் தோன்றியது. ஆறு வாரம் வெறும் இஞ்சிப் பானம் செய்தேன். செய்முறையின் சுகத்தில் எதுவும் குறையவில்லை. குடியை விட்டு மீண்டுகொண்டிருப்பவர்கள் இந்தப் பொழுதுபோக்கின் பக்கமே வர வேண்டாம். நொதித்தல்தான் வேண்டும் என்றால் புளித்த மாவு ரொட்டி இருக்கிறது.

ரொட்டி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்த வசந்தத்தில் பல நாடுகளில் கடைகளில் ஈஸ்ட் தீர்ந்துபோனது. வாளியின் அடியில் தங்கும் வண்டல் முழுக்க உயிருள்ள ஈஸ்ட். அதைக் கொட்டுவது பெரிய வீணடிப்பு. கிருமி நீக்கிய ஜாடியில் எடுத்துக் குளிரில் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் அடுத்த பீருக்கு ஆகும். நான் ஒரு ஜாடியைப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்து, மணியடித்துவிட்டு ஆறடி தள்ளி நின்றேன். மறுநாள் என் வாசலில் ஒரு ரொட்டி இருந்தது. ஹாப்ஸ் கசப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அப்படி ஒரு ரொட்டியை நான் அதன் பிறகு சாப்பிடவில்லை.

பீரில் மணம் இல்லையா, மூக்கில் இல்லையா?

தெரிந்த ஒருவர் பாட்டிலைத் திறந்து, ‘தண்ணீர்போல் இருக்கிறது, ஹாப்ஸ் எல்லாம் எங்கே போயிற்று’ என்று தொலைபேசியில் புலம்பினார். செய்முறையை வரி வரியாக அலசினோம். அரை மணி நேரம் கழித்துத்தான், காலையில் குடித்த காப்பியிலும் மணம் இல்லையே என்றார். மணம் திடீரென்று மறைவது கொரோனாவின் அறிகுறி. பீரைக் குறைசொல்வதற்கு முன்னால் ஹாப்ஸ் பொட்டலத்தை முகர்ந்து பாருங்கள். அதுவும் வெறும் புல்லாகத் தெரிந்தால், பாட்டிலை மூடிவிட்டுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அவருக்கு மூக்கு திரும்ப ஐந்து வாரம் ஆனது. அதற்குள் அந்தப் பீர் இன்னும் தெளிந்திருந்தது.

கடைசியாக, காலியான பாட்டிலை மேசையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அடியில் இருக்கும் ஈஸ்ட் காய்ந்தால் மறுநாள் பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் வராது. கடைசி வாயைக் குடித்த கையோடு மூன்று முறை வெந்நீர் விட்டுக் குலுக்கி, கவிழ்த்து வையுங்கள்.