ராணுவப் படப் பகுப்பாய்விலிருந்து சிவில் வேலைக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கைக்கோள் படங்களையும் ட்ரோன் வீடியோக்களையும் வருடக்கணக்கில் ராணுவத்துக்காகப் பார்த்துவிட்டு சிவில் வேலைக்கு வருபவர்களை இப்போது அடிக்கடி சந்திக்கிறேன். சிலரை நேர்காணல் செய்கிறேன், சிலரோடு சேர்ந்து வேலையும் பார்க்கிறேன். நானும் அங்கிருந்து வந்தவன்தான், அதனால் அவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது முன்கூட்டியே தெரிகிறது. பைத்தான் படியுங்கள், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பழகுங்கள், ரெஸ்யூமேவை இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கூர்மையான படம்தான் நல்ல படம் என்று நினைப்பது

ராணுவத்தில் ஒரு படத்தைக் கையில் எடுத்தவுடன் மனதில் ஓடும் முதல் கேள்வி, இதில் எவ்வளவு சின்னப் பொருள்வரை தெரியும் என்பதுதான். 0 முதல் 9 வரை தரம் போடும் நைர்ஸ் அளவுகோலிலேயே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தோடு வருபவர்கள், பயிர் நிலவரம் பற்றிய வேலைக்குக்கூட வேர்ல்ட்வியூ-3 என்ற வணிகச் செயற்கைக்கோள் தரும், ஒரு பிக்சல் தரையில் 31 சென்டிமீட்டரைக் காட்டும் படம் வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த மாதிரிப் படத்துக்குச் சதுர கிலோமீட்டர் கணக்கில் பணம் கட்ட வேண்டும். அப்படிக் கட்டி வாங்கினாலும் கையில் இருப்பது ஒரே ஒரு நாள். பயிர் எப்படி வளர்ந்தது, எப்போது வாடத் தொடங்கியது என்பதற்கு ஒரு நாள் படம் எதையும் சொல்லாது. ஐரோப்பாவின் சென்டினல்-2 படம் 10 மீட்டர்தான், ஆனால் இலவசம், இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வருகின்றன, மொத்தம் 13 பேண்ட், அதாவது 13 தனித்தனி ஒளி அலைவரிசைகள். அருகு அகச்சிவப்பும் சிவப்பும் இருந்தால் என்டிவிஐ என்ற பசுமைக் குறியீட்டைக் கணக்கிட்டு ஒரு பருவம் முழுவதையும் ஒரே வளைகோட்டில் பார்த்துவிடலாம்.

காடு முப்பது வருடத்தில் எவ்வளவு அழிந்தது என்று யாராவது கேட்டால் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் இல்லாமல் பதில் கிடையாது. 1972-இல் தொடங்கிய வரிசை அது, 2008-இலிருந்து அதன் பழைய தொகுப்பு முழுவதும் இலவசம். 30 மீட்டர் பிக்சலைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கேள்வியைப் படியுங்கள், படத்தை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம்.

‘அநேகமாக’ என்று எழுதிக் கொடுப்பது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தரும் தவறு இதுதான். இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் குழுவுக்கு ஒருவர் வந்தார். நிஜமாகவே அபாரமான கண். ஒரு காப்பீட்டு வேலை, வெள்ளம் சூழ்ந்த வயல்களின் பரப்பைச் சொல்ல வேண்டும். மேகம் மூடியிருந்ததால் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படம்தான் வழி. ரேடாரில் அலையில்லாத தண்ணீர் கறுப்பாகத் தெரியும், காரணம் செயற்கைக்கோள் அனுப்பிய அலை அந்த வழவழப்பான பரப்பில் பட்டு எதிர்ப்பக்கம் போய்விடும், திரும்பி வராது. அவர் கறுப்பாகத் தெரிந்ததையெல்லாம் கையாலேயே கோடு இழுத்து வளைத்தார், ‘அநேகமாக வெள்ளம்’, ‘வெள்ளமாக இருக்கலாம்’ என்று இரண்டு நிறம் கொடுத்தார், இரவோடு இரவாக அனுப்பியும் விட்டார். ராணுவத்தில் இதற்குப் பாராட்டு கிடைத்திருக்கும். வாடிக்கையாளர் கேட்டது வேறு. அநேகமாக என்றால் நூற்றுக்கு எத்தனை? வேறொருவர் வரைந்தால் இதே எண் வருமா? அடுத்த மழையில் இதைவிடப் பெரிய பகுதிக்கு இதையே செய்து தர எத்தனை நாள் ஆகும்? எதற்கும் பதில் இல்லை. எங்களுக்குள்ளேயே இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி வரையச் சொன்னோம், பரப்பு கணிசமாக மாறியது. அந்த ஒப்பந்தம் கைவிட்டுப் போனது.

அவருக்குத் திறமை போதவில்லை என்று சொல்ல முடியாது. தவறினால் யாருக்கு என்ன நஷ்டம் என்ற கணக்கு இங்கே முற்றிலும் வேறு என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ராணுவத்தில் இருப்பதைக் காணாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து, இல்லாததை ‘இருக்கலாம்’ என்று எழுதினால் இன்னொரு சென்சாரோ இன்னொரு தகவலோ வந்து சரிபார்க்கும். அதனால் கொஞ்சம் அதிகமாகவே சுட்டிக்காட்டப் பழகுகிறோம். காப்பீட்டில் நீங்கள் கூடுதலாக வளைத்த ஒவ்வொரு வயலும் தேவையில்லாமல் போகும் பணம், விட்டுவிட்ட ஒவ்வொரு வயலும் நஷ்டஈடு கிடைக்காத ஒரு விவசாயி. இரண்டில் எது பெரிய தவறு என்று தீர்மானிக்க வேண்டியது வாடிக்கையாளர். முதல் கோடு இழுப்பதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிட வேண்டும்.

‘என் வரைபடம் 97 சதவீதம் சரி’ என்று சொல்வதும் போதாது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மொத்தம் 10,000 ஹெக்டேர், அதில் உண்மையாகவே வெள்ளம் சூழ்ந்தது 200 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். வெள்ள நிலத்தையும் உலர்ந்த நிலத்தையும் நூற்றுக்கு 97 தடவை சரியாகப் பிரிக்கிறீர்கள். வெள்ளத்தில் 194 ஹெக்டேரைப் பிடித்துவிடுவீர்கள், நல்லது. ஆனால் மீதி 9,800 ஹெக்டேர் உலர்ந்த நிலத்தில் 3 சதவீதம், அதாவது 294 ஹெக்டேர், தவறாக வெள்ளம் என்று விழுந்துவிடும். உங்கள் வரைபடம் காட்டுவது 488 ஹெக்டேர், உண்மையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தேடும் பொருள் எவ்வளவு அரிதோ, பிக்சலை எண்ணிப் பரப்பு சொல்வது அவ்வளவு மோசமாக ஏமாற்றும். ராணுவத்தில் பத்து வண்டிகளை எண்ணிச் சொன்ன கைக்கு இது புதிது, ஏனென்றால் அங்கே நம்மிடம் பரப்பைக் கேட்டதே குறைவு.

அதற்கு என்ன செய்வது? முதலில் ஒரு விதியை எழுதி வையுங்கள்: திரும்பி வரும் ரேடார் அலை எந்த அளவுக்குக் கீழே போனால் தண்ணீர் என்று கொள்கிறீர்கள், வெள்ளத்துக்கு முந்தைய எந்தத் தேதிப் படத்தோடு ஒப்பிடுகிறீர்கள் என்று. ஒப்பிடவில்லை என்றால் ஏரி, குளம், ஆறு எல்லாம் வெள்ளமாகிவிடும். அப்புறம் வரைபடத்தின் ஒவ்வொரு வகையிலிருந்தும் குலுக்கல் முறையில் சில புள்ளிகளை எடுத்து, உங்கள் விடை தெரியாத இன்னொருவரிடம் கொடுத்து அடையாளம் காணச் சொல்லுங்கள். இல்லாததை இருப்பதாகச் சொன்னது எவ்வளவு, இருப்பதை விட்டது எவ்வளவு, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். அந்தப் பிழையைக் கணக்கில் எடுத்துப் பரப்பைத் திருத்துங்கள், கூடவே முன்பின் எவ்வளவு மாறலாம் என்பதையும் கொடுங்கள்.

உங்கள் கண் வீணாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். விதி எங்கே தோற்கும் என்று கண்டுபிடிக்க அந்தக் கண்தான் வேண்டும். விமான ஓடுபாதை, அகலமான தார்ச்சாலை, உலர்ந்த மணல், மலை மறைப்பதால் அலை எட்டாத ரேடார் நிழல், இவை எல்லாம் தண்ணீரே இல்லாமல் கறுப்பாகத் தெரியும். தெருவில் தண்ணீர் நிற்கும் குடியிருப்போ தலைகீழ்: அலை தண்ணீரில் பட்டு, சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் இன்னும் பளிச்சென்று தெரியும், கறுப்பை மட்டும் தேடும் விதி அதை விட்டுவிடும். இதைச் சட்டென்று பிடிக்கும் ஆள் எந்தக் குழுவிலும் அரிது. அது உங்கள் பலம், ஆனால் விதியும் பிழைக்கணக்கும் பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

தரையில் இருப்பவரைக் கேட்காமல் இருப்பது

மேலே சொன்ன அதே வேலையில் இன்னொன்றும் நடந்தது. அவர் வளைத்த கறுப்பு வயல்களில் கணிசமானவை நடவுக்காக விவசாயிகளே தண்ணீர் கட்டி நிறுத்தியிருந்தவை. ரேடாருக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தப் பகுதி வேளாண் அதிகாரியிடம் ஒரு போன் பேசியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ராணுவத்தில் நாம் பார்க்கும் இடத்துக்கு யாரும் போக முடியாது, அதனால்தானே மேலே இருந்து பார்க்கிறோம். படம் மட்டுமே சாட்சி என்ற பழக்கம் அங்கே நியாயமானது. இங்கே நீங்கள் பார்க்கும் வயலில் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார், அவரிடம் போனும் இருக்கிறது. கேட்பது தொழில் பலவீனம் என்று நினைக்கும் புதியவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பதவிப் பெயரை மட்டும் தேடுவது

‘படப் பகுப்பாய்வாளர்’ என்று தட்டித் தேடினால் பெரும்பாலும் மறுபடி பாதுகாப்புத்துறை ஒப்பந்த வேலைகளே வரும். உங்கள் வேலை வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது: தொலையுணர்வு நிபுணர், ஜிஐஎஸ் (புவியியல் தகவல்) பகுப்பாய்வாளர், காப்பீட்டில் பேரிடர் மதிப்பீடு, குழாய்ப்பாதைக் கண்காணிப்பு, சுரங்கக் கழிவுநீர்த் தேக்கங்களின் பாதுகாப்பு, எந்திரக் கற்றலுக்கான பயிற்சித் தரவின் தரக்கட்டுப்பாடு. கடைசியாகச் சொன்னதை அற்பமாக நினைக்காதீர்கள். லாரிக்கும் டேங்கர் லாரிக்கும் நிழலை வைத்தே வித்தியாசம் சொல்பவர் இல்லாத இடத்தில் மாடல் தப்பாகவே கற்றுக்கொள்கிறது. பேரிடர் நேரத்தில் படம் பார்க்கும் வேலையில் மனம் இருந்தால் 2001-இல் தொடங்கிய ஐநாவின் செயற்கைக்கோள் மையமான யூனோசாட் அதைத்தான் செய்கிறது. பேரிடரின்போது விண்வெளி அமைப்புகள் படம் தந்து உதவ, 2000-இல் செயல்படத் தொடங்கிய சர்வதேச விண்வெளிப் பேரிடர் சாசனம் எப்படி இயங்குகிறது என்பதையும் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பழைய சுருக்கெழுத்துகளை ரெஸ்யூமேவில் கொட்டுவது

எடுத்துவிடுங்கள். படிப்பவருக்குப் புரியாது.

ரகசியம்

சந்தேகம் இருந்தால் எழுதாதீர்கள். எதைச் சொல்லலாம் என்று பழைய அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, பதில் வந்த பிறகு எழுதுங்கள்.

காட்ட ஒன்றும் இல்லாமல் நேர்காணலுக்கு வருவது

‘நான் செய்ததெல்லாம் ரகசியம், காட்ட முடியாது’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, அது உண்மை. ஆனால் எதிரில் இருப்பவர் உங்களை எதை வைத்து எடைபோடுவார்? பொதுவில் கிடைக்கும் தரவை மட்டும் வைத்து ஒன்றைச் செய்து எடுத்து வாருங்கள். மத்திய ஆசியாவின் ஏரல் கடல் சுருங்கியதை லேண்ட்சாட் வரிசையில் அளக்கலாம், 2022 ஆகஸ்டில் பாகிஸ்தானில் வந்த வெள்ளத்தை சென்டினல்-1 வைத்து மேலே சொன்ன முறையில் கணக்கிடலாம். ஒரே எச்சரிக்கை: நீங்கள் பணியில் இருந்தபோது பார்த்த இடத்தையோ மோதலையோ தொடாதீர்கள், தரவு பொதுவானதாக இருந்தாலும் சரி. எதை எங்கிருந்து தெரிந்துகொண்டீர்கள் என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

பெரிதாக வேண்டாம், ஆறேழு பக்கம் போதும். கேள்வி என்ன, எந்தப் படம், ஏன் அது, விதி என்ன, பிழை எவ்வளவு, எந்த இடங்களில் உங்கள் முறை தோற்றது. இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். தோற்ற இடங்களின் படத்தைப் பெரிதாகப் போட்டு, ஏன் தோற்றது என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். நான் நேர்காணல் செய்யும்போது பாதி நேரம் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் பேசுவேன்.